வேலை கிடைத்தது, சேரவில்லை

போன மாதம் ஒரு மருத்துவமனையில் ஐசியு ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கான நேர்காணலுக்குப் போனேன். வேலை கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "கையில் கிடைத்ததை ஏன் விட்டாய்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அரைகுறையாகவே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை முழுதாக எழுதிவிடுகிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம், அந்த மேனேஜரின் பெயரும் வேண்டாம். இதில் ஒரு இளம் நர்ஸ் வருவாள். அவளை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக மருந்தின் பெயரையும் எண்களையும் மாற்றியிருக்கிறேன். நடந்த தவறின் வகை அதேதான்.

நான் நர்ஸாகி எட்டு வருடம் ஆகிறது. அதில் ஆறு வருடம் ஐசியு. அந்த வேலை எனக்கு உண்மையிலேயே வேண்டியிருந்தது. இப்போது இருக்கும் இடத்தைவிடப் பெரிய ஐசியு, கற்றுக்கொள்ள நிறைய இருக்கும் என்று நினைத்தேன். அதனால் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். வென்டிலேட்டரில் பிரஷர் அலாரம் அடித்தால் முதலில் என்ன செய்வாய் என்று கேட்பார்கள். மெஷினுக்கு முன்னால் பேஷண்டைப் பார்க்க வேண்டும். டியூப் இடம் மாறியிருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கிறதா, எல்லாம் பார்த்த பிறகுதான் மெஷின். ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் ஓடும் லைனில் வேறு மருந்தைத் தள்ளினால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ கோமா ஸ்கேலில் 8-க்கு இறங்கிய பேஷண்டைப் பற்றி டாக்டரிடம் போனில் எப்படிச் சொல்வாய் என்று கேட்பார்கள். நிலைமை, பின்னணி, என் மதிப்பீடு, என்ன வேண்டும் என்கிற கோரிக்கை. இந்த வரிசையில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன்.

இதில் ஒன்றைக்கூட அந்த அறையில் கேட்கவில்லை.

நேரம் காலை 10 மணி என்று சொல்லியிருந்தார்கள். முந்தைய இரவு எனக்கு நைட் டியூட்டி. ஹேண்டோவர் கொடுத்துவிட்டு, ஓய்வறையிலேயே முகம் கழுவி, உடை மாற்றிக்கொண்டு ஒன்பதரைக்கு அங்கே போய்ச் சேர்ந்தேன். 11.10-க்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். நர்சிங் மேனேஜர் என்றால் அவசரம் வரும், யாருக்கோ உடம்பு மோசமாகும், அது எனக்குத் தெரியாததல்ல. "கொஞ்சம் தாமதமாகும் சிஸ்டர்" என்று ஒரு வார்த்தை வெளியே சொல்லி அனுப்பியிருந்தால் எனக்குப் போதும்.

நான் உள்ளே போனபோது மேனேஜர் போனில் இருந்தார். முகவாயால் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். போன் முடிந்ததும் என் ஃபைலை இழுத்து, திறக்காமல், அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"எத்தனை வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்?"

"எட்டு வருஷம் மேடம். ஆறு வருஷம் ஐசியு."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு மேடம்."

"குழந்தை?"

"இல்லை மேடம்."

"அப்போ சீக்கிரம் பெத்துப்பே. வந்து ஆறு மாசத்துல லீவு கேட்டு நிப்பே. ரெண்டு வருஷத்துக்குப் பிளான் எதுவும் இல்லைன்னு எழுதிக் கொடுக்க முடியுமா?"

முதல் கேள்வியில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. நாலாவது வாக்கியத்தில் நான் "நீ" ஆகிவிட்டேன். எனக்கு முப்பது தாண்டிவிட்டது. நைட் டியூட்டியில் என்னைவிட வயதில் சிறிய டாக்டர்கள்கூட என்னை "நீங்க" என்றுதான் பேசுகிறார்கள். ஆனால் என்னை அதிகம் வருத்துவது அந்த "நீ" இல்லை. நான் பதில் சொன்னதுதான். "இப்போதைக்கு எதுவும் இல்லை மேடம்" என்றேன். அது என்னையும் என் கணவரையும் தவிர வேறு யாருக்கும் சேராத விஷயம். அதை ஒரு மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, வேலைக்காக, தலையைக் குனிந்துகொண்டு எடுத்து வைத்தேன்.

அப்புறம் வீட்டுக்கு வந்து தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னபோது, "நீ இன்னும் வேலையிலேயே சேரலையே, உனக்கு என்ன உரிமை இருக்கு?" என்றாள். அவளும் நர்ஸ்தான். எனக்கும் அப்படித்தான் ஒரு எண்ணம் இருந்தது. தேடிப் பார்த்தேன். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019-ல் நிறைவேற்றிய 190-ஆவது உடன்படிக்கை, வேலையிடத்து வன்முறை, துன்புறுத்தல் பற்றியது. அது யாருக்கெல்லாம் பொருந்தும் என்று சொல்லும் இடத்தில் வேலை தேடுகிறவர்களையும் வேலைக்கு விண்ணப்பித்தவர்களையும் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறார்கள். அதே அமைப்பின் 2000-ஆம் ஆண்டு மகப்பேறு பாதுகாப்பு உடன்படிக்கையில், வேலைக்கு வரும் பெண்ணிடம் கர்ப்பப் பரிசோதனையோ அதற்கான சான்றிதழோ கேட்கக் கூடாது என்று இருக்கிறது. சில வேலைகளுக்கு விலக்கு உண்டு. தாய்க்கோ குழந்தைக்கோ ஆபத்து இருக்கிற வேலைகள் போல. இவற்றை ஏற்றுக்கொண்ட நாடுகளைத்தான் இவை கட்டுப்படுத்தும், அதுவும் உண்மை. ஆனாலும், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியையும் கணக்கில் எடுத்து உலகத்தில் எங்கோ யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

சரி, அந்த அறைக்கு வருகிறேன்.

அடுத்து என் இப்போதைய இன்சார்ஜைப் பற்றிக் கேட்டார். "அந்தம்மா எப்படி? டாக்டர்ஸ்கிட்ட ஒத்துப்போக மாட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்." நான் அவரிடம் நிறையக் கற்றுக்கொண்டேன் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பதில் அவருக்கு ருசிக்கவில்லை. தன்னிடம் வேலை பார்ப்பவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஆறு மாதத்தில் நாலு பேர் போய்விட்டார்களாம். யாருக்கும் உடம்பு வளையவில்லையாம். ஒருத்திக்கு எப்போது பார்த்தாலும் முதுகு வலியாம். யாருக்கு வீட்டில் என்ன சண்டை என்பது வரை வந்தது. நான் அந்த நர்ஸ்களில் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் அவர்களுடைய வலியும் குடும்பமும் எனக்குத் தெரிந்துவிட்டது.

நடுவில் வார்டிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பேஷண்டின் பெயர், பெட் நம்பர், புதிதாக உறுதியான நோய் எல்லாம் கணீரென்று வந்தது. நோயின் பெயரை இங்கே எழுத மாட்டேன். சொந்த வீட்டாரிடம் சொல்லவே பலர் மாதக்கணக்கில் தயங்கும் நோய். நான் எழுந்து வெளியே நிற்கட்டுமா என்று கையால் சைகை காட்டினேன். பரவாயில்லை, உட்கார் என்று சைகையிலேயே சொன்னார். அந்த மனிதர் எங்கோ இரண்டு மாடி மேலே படுத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய மனைவிக்கு இன்னும் தெரியுமோ தெரியாதோ, வேலை கேட்டு வந்த எனக்குத் தெரிந்துவிட்டது. சர்வதேச நர்ஸ்கள் கவுன்சில் 1953-ல் வகுத்த நெறிமுறையை 2021-ல் கடைசியாகத் திருத்தினார்கள். பேஷண்டின் விவரங்களைக் காப்பது அதில் நர்ஸின் அடிப்படைக் கடமைகளில் ஒன்று. முதல் வருடம் படிக்கும் பெண்ணுக்கும் அது தெரியும். லிப்டில்கூடப் பேஷண்டைப் பற்றிப் பேசாதே என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

இதுவரைக்கும்கூட நான் வேலையை வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை. உள்ளது உள்ளபடி சொல்கிறேன். மேனேஜர் அப்படித்தான் இருப்பார், நமக்குப் பேஷண்டுகளோடுதானே வேலை என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு அந்தப் பெண் வந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். கையில், தவறு நடந்தால் எழுதும் சம்பவ அறிக்கை ஃபார்ம். என்னைப் பார்த்துவிட்டு, "அப்புறமா வரேன் மேடம்" என்று திரும்பினாள். "பரவாயில்லை, என்ன சொல்லு" என்றார் மேனேஜர்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் இன்ஃப்யூஷன். மணிக்கு 2 மில்லி ஓட வேண்டியது. பம்பில் 20 என்று பதிவாகிவிட்டது. பத்து நிமிடத்துக்குள் அவளே கவனித்துவிட்டாள். பம்பை நிறுத்தி, டாக்டரைக் கூப்பிட்டு, ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கச் சாம்பிள் அனுப்பி, பேஷண்டுக்கு எங்காவது ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்த்து, ஃபார்மை எழுதிக் கையெழுத்துக்காக எடுத்து வந்திருக்கிறாள். ஐசியுவில் இருப்பவர்களுக்குத் தெரியும், புள்ளி ஒன்று தவறினால் பத்து மடங்கு. ஹெப்பாரின், இன்சுலின், பொட்டாசியம் மாதிரி மருந்துகளுக்கு இரண்டு நர்ஸ்கள் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்பது அதனால்தான். அவளோடு இருந்த இன்னொரு நர்ஸ் ஒரு பேஷண்டை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருக்கிறார். மூன்று பேஷண்டுகளோடு இவள் தனியாக இருந்திருக்கிறாள். சரிபார்க்க ஆள் இல்லை. இதெல்லாம் அவள் அந்த ஃபார்மில் எழுதியிருந்ததைத்தான் வாயாலும் சொன்னாள், நடுங்கிய குரலில், ஆனால் ஒழுங்கான வரிசையில். கண்ணாடி முன்னால் நான் சொல்லிப் பார்த்த அதே வரிசை.

மேனேஜர் கத்த ஆரம்பித்தார். எண்ணைக்கூடப் படிக்கத் தெரியாதா, எந்தக் காலேஜில் படித்தாய், காசு கொடுத்து வாங்கிய சர்டிபிகேட்டா என்றார். பேஷண்ட் இப்போது எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்கவே இல்லை. நான் காத்துக்கொண்டே இருந்தேன், இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று. கடைசியில் ஃபார்மை மேஜைமேல் திருப்பித் தள்ளினார்.

"ஒண்ணும் ஆகலைல்ல? டாக்டருக்குத் தெரியும்ல? அப்புறம் எதுக்கு இதை எழுதி என் தலையில கட்டறே? எடுத்துட்டுப் போ."

அவள் ஃபார்மை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போனாள். கதவு மூடியதும் மேனேஜர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பார்த்தியா? இவங்களை வச்சுத்தான் நான் ஐசியு ஓட்டறேன். உன்னை மாதிரி சீனியர் வந்தா நல்லா இருக்கும். எப்போ ஜாயின் பண்றே?"

என் ஃபைல் அப்போதும் திறக்கப்படவில்லை.

இங்கே எனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஐந்தாம் பெட்டுக்கும் ஆறாம் பெட்டுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர். ஆறுக்குப் போட வேண்டிய ஆன்டிபயாடிக்கை ஐந்துக்குப் போட்டுவிட்டேன். கையில் கட்டியிருந்த பட்டையில் எண்ணைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்தேன். தெரிந்ததும் கை கால் எல்லாம் ஜில்லென்று ஆகிவிட்டது. இன்சார்ஜிடம் போய் நின்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பேஷண்ட் எப்படி இருக்கார்? அலர்ஜி ஏதும் இருக்கா?" இரண்டும் பார்த்தாகிவிட்டது, நன்றாக இருக்கிறார் என்றேன். அடுத்த கேள்வி, "நீ எப்படி இருக்கே?" அதற்குத்தான் அழுதேன். தண்ணீர் குடிக்க வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஃபார்மை எழுத வைத்தார். நான் செய்ததை லேசாக்கவும் இல்லை, தனியாகக் கூப்பிட்டு நன்றாகவே கண்டித்தார். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து எங்கள் வார்டில் ஒரே மாதிரி பெயருள்ள இருவர் இருந்தால் சார்ட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கம் வந்தது. இன்றைக்கும் இருக்கிறது. இவர்தான் "டாக்டர்களோடு ஒத்துப்போகாத அந்தம்மா".

ஏமி எட்மண்ட்சன் என்ற ஹார்வர்ட் ஆய்வாளர் தொண்ணூறுகளில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை, நல்ல ஒற்றுமை உள்ள குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறார். கணக்கில் தலைகீழாக வந்தது. அந்த வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. நன்றாக நடக்கும் வார்டில் நர்ஸ்கள் பயப்படாமல் வெளியே சொன்னார்கள், மற்ற இடங்களில் மூடி வைத்தார்கள் என்பதுதான் அவர் கொடுத்த விளக்கம். இதை நான் பல வருடம் முன்னால் ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டபோது தலையாட்டிவிட்டுப் போனேன். அன்றைக்கு அந்த அறையில் அது கண் முன்னால் நடந்தது. அந்தப் பெண் அடுத்த முறை ஃபார்ம் எழுதுவாளா? பம்பை நிறுத்துவாள், அது நிச்சயம். ஆனால் டாக்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசிப்பாள். ஐசியுவில் அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. மூன்று பேஷண்டுகளோடு ஒருத்தி தனியாக இருந்தாள் என்கிற விஷயமும் அந்தக் காகிதத்தோடு போய்விடும். அதைப் படிக்க வேண்டியவர்கள் யாரும் படிக்க மாட்டார்கள். வார்டில் ஒரு நர்ஸுக்கு ஒரு பேஷண்ட் கூடினாலே, அறுவை சிகிச்சை பேஷண்டுகள் மருத்துவமனையில் சேர்ந்த முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாக நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஏய்கெனின் குழு 2002-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்த ஃபார்மில் ஒரு வரியாக இருந்தது இதுதான்.

ஜாயினிங் தேதி கேட்டவரிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஒரு ஷிப்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை வென்டிலேட்டர் பேஷண்ட் மேடம்?"

"இருக்கிறவங்களை வச்சுப் பார்த்துக்கணும்மா. அதெல்லாம் கணக்குப் போட்டா வார்டு நடத்த முடியாது."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். அதற்குமேல் அங்கேயே பேசியிருக்கலாமோ என்று இப்போதும் நினைக்கிறேன். குறைந்தபட்சம் அந்த எழுதிக் கொடுக்கும் விஷயத்துக்காவது, "அது என் சொந்த விஷயம் மேடம், வேலை பற்றிக் கேளுங்கள்" என்று மரியாதையாகவே சொல்லியிருக்கலாம். இப்போது அந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பழகிவிட்டேன். நேர்காணலுக்குப் போகிறவர்கள் வென்டிலேட்டரோடு சேர்த்து இதையும் பழகிக்கொள்ளுங்கள். முடிந்தால், சேருவதற்கு முன் பத்து நிமிடம் வார்டைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கடைசியாக வந்த சம்பவ அறிக்கைக்குப் பிறகு வார்டில் என்ன மாற்றினீர்கள் என்றும் கேளுங்கள். நல்ல மேனேஜர் அந்தக் கேள்விக்கு உற்சாகமாகப் பதில் சொல்வார். என் இன்சார்ஜாக இருந்தால் அலமாரியைத் திறந்து சிவப்பு ஸ்டிக்கரையே எடுத்துக் காட்டியிருப்பார்.

இரண்டு நாள் கழித்து மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வேலையை ஏற்கவில்லை, காரணங்கள் இவை என்று. காத்திருந்த நேரம், கேட்ட கேள்விகள் அப்படியே வார்த்தைக்கு வார்த்தை, ஸ்பீக்கரில் வந்த பேஷண்ட் விவரம் (பெயர் எதுவும் குறிப்பிடாமல்). ஹெப்பாரின் விஷயத்தை எழுதி எழுதி அழித்தேன். எழுதினால் அந்தப் பெண்ணின் தலையில்தான் விடியும். எழுதாவிட்டால் முக்கியமானது போய்விடும். கடைசியில், "பணியாளர் ஒருவரை வெளியாள் முன்னிலையில் கண்டித்ததையும் அறிக்கை எழுத வேண்டாம் என்று சொன்னதையும் பார்த்தேன்" என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டேன். நாள், மருந்து, ஆள் எதுவும் இல்லை. சரியாகத்தான் செய்தேனா என்று இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது.

அன்று அந்த அறையிலிருந்து வெளியே வந்ததும் லிப்டுக்குப் போகாமல் படிக்கட்டில் இறங்கினேன். இரண்டாவது திருப்பத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள், ஃபார்மை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்தாள். என்ன சொல்வது என்று ஒரு கணம் தெரியவில்லை.

"பேஷண்ட் எப்படி இருக்கார்?" என்று கேட்டேன்.

"ஸ்டேபிளா இருக்கார் சிஸ்டர். பிளீடிங் எதுவும் இல்லை."

"நீ எப்படி இருக்கே?"

அவள் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றேன். பிறகு, நர்ஸ் நோட்ஸில் நேரத்தோடு எழுதிவிடு என்றேன். பம்ப் ஆரம்பித்த நேரம், நிறுத்திய நேரம், டாக்டரிடம் சொன்ன நேரம், அவர் என்ன சொன்னார், சாம்பிள் எப்போது போனது. உன் மேனேஜர் கையெழுத்துப் போடாவிட்டாலும் அது பேஷண்டின் ரெக்கார்டில் இருக்கும். இன்னும் ஒன்று, நீ எழுதினது சரி, யார் என்ன சொன்னாலும் அது சரி.

தலையாட்டினாள். "நீங்க இங்க ஜாயின் பண்றீங்களா சிஸ்டர்?"

"இல்லைம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு வாட்சைப் பார்த்து, ரிசல்ட் வந்திருக்கும் சிஸ்டர், பார்க்கணும் என்று சொல்லிவிட்டு, மடித்த ஃபார்மைப் பையில் வைத்துக்கொண்டு மேலே ஓடினாள்.